பின்வாசல் கேமரா

எகாதெரின்பர்க்
ஆகஸ்ட் 9

ஹுல்கர்,

துர்சுன்பாய் அண்ணனின் பேருந்தில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமை குவா சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்துவார், அப்பாவை அனுப்பி வாங்கிக்கொள். உள்ளே நான்கு கேமரா, ஒரு ரெக்கார்டர் பெட்டி, ஒரு சுருள் கேபிள், முனை இறுக்கும் இடுக்கி, ஒரு பை நிறைய பிளாஸ்டிக் முனைகள். உடையாமலிருக்க என் பழைய குளிர்ச்சட்டையில் சுற்றியிருக்கிறேன். சட்டையைத் துவைத்து வை.

போன வருடம் அறுவடைக்கு முந்தின நாள் ரஹீம் வீட்டு மாதுளையை மரத்தோடு வழித்துப் போனார்கள். நம் வீட்டில் அது நடக்கக் கூடாது.

ஆள் வைத்துச் செய்யலாம் என்றார் அப்பா. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் இல்லாத வீட்டில் அன்னிய ஆண் உள்முற்றத்தில் ஏணி போட்டு ஏறினால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று உனக்கே தெரியும். அப்பாவுக்கு விரல் நடுங்குகிறது. ஆகவே நீதான் செய்யப்போகிறாய். நீ படித்தவள், சொன்னால் புரியும்.

இந்தக் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள். படமும் மின்சாரமும் ஒரே கேபிளில்தான் போகும். ரெக்கார்டர் பெட்டியே கேமராவுக்கு மின்சாரம் கொடுத்துவிடும், தனி பிளக் வேண்டாம். ஷாக் அடிக்காது. இரண்டு முனையிலும் எட்டுக் கம்பியும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். வரிசையைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மனப்பாடம் செய்.

முக்கியமானது ஒன்று. கேபிளை நடுவில் வெட்டி ஒட்டாதே. இருட்டியதும் கேமரா தன்னைச் சுற்றியுள்ள சிவப்பு விளக்குகளை எரியவிடும், அப்போது மின்சாரம் அதிகம் இழுக்கும். நடுவில் மோசமான ஒட்டு இருந்தால் பகலெல்லாம் ஒழுங்காக ஓடும், இருட்டியதும் மூச்சுத் திணறி அணையும். இங்கே கேமரா பழுது பார்க்கப் பத்து வீட்டுக்குப் போனால் மூன்றில் இதுதான் கோளாறு.

முதல் கேமரா தெருவாசலுக்கு. இரண்டாவது மாட்டுக்கொட்டகைக்கு. மூன்றாவது முற்றத்துக் கூரைக்கு அடியில், சமையலறையைப் பார்த்து. நான்காவது மாதுளைத் தோட்டத்தைத் தாண்டிப் பின்வாசலுக்கு. எழுபது மீட்டர் வரும்.

இக்ரோம்

குவா
ஆகஸ்ட் 27

அன்புள்ளவருக்கு,

பெட்டி வந்தது. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். அதன் பையில் ஒரு டிராம் சீட்டும் இரண்டு சூரியகாந்தி விதைகளும் இருந்தன. சீட்டை எறியவில்லை.

கடிதம் எழுதியதற்கு நன்றி. தொலைபேசியில் உங்களோடு பேசுவது எனக்குச் சபையில் பேசுவதுபோல் இருக்கிறது. அத்தை ஒலிபெருக்கியை அழுத்தி மேசை நடுவில் வைத்துவிடுவார். மாமா, வந்திருக்கும் விருந்தாளி, சில சமயம் பால்காரர், எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். நன்றாக இருக்கிறேன் என்பதைத் தவிர அங்கே வேறு எதைச் சொல்ல முடியும்? இனி எழுதுவோம். துர்சுன்பாய் அண்ணன் ஒரு கடிதத்துக்கு ஒரு ரொட்டி போதும் என்கிறார்.

மூன்று கேமராக்கள் ஏறிவிட்டன. முதல் நாள் பதினான்கு முனைகளை வீணாக்கினேன். எட்டுக் கம்பிகளையும் வரிசையாகப் பிடித்து முனைக்குள் தள்ளும்போது நீலம் எப்போதும் பச்சையின் இடத்துக்கு ஓடியது. "வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ரொட்டி தட்டியதைப் பார்த்து அத்தை கேட்டார்: "என்னடி மந்திரம் ஓதுற? எம்புள்ளைய வரவைக்கவா, வராம இருக்கவா?"

மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் மேலே ஏறியதும் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், மரியாதைக்கு. அதனால் ஏணி சாய்ந்ததையும் பார்க்கவில்லை. நான் கூரைச்சட்டத்தைப் பிடித்துத் தொங்கினேன். "விழுந்துட்டியாம்மா?" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "இன்னும் இல்ல மாமா" என்றேன். அத்தைகூடச் சிரித்துவிட்டார்.

இரண்டு விஷயங்கள் கேட்க வேண்டும். ஒன்று, பின்வாசல் கேபிளை எப்படிக் கொண்டுபோவது. தோட்டத்து மதில்மேல் ஆணி அடித்துப் போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றது மூன்றாவது கேமராவைப் பற்றி. திருடன் வெளியிலிருந்து வருகிறவன். அந்தக் கேமரா வெளியைப் பார்க்கவில்லை. சமையலறை வாசல், தந்தூர் அடுப்பு, நம் அறையின் கதவு, இவைதான் அதில் தெரிகின்றன. அது யாருக்காக? கோபமில்லாமல் கேட்கிறேன். நீங்கள் சொன்னதால் பொருத்திவிட்டுத்தான் கேட்கிறேன்.

ஹுல்கர்

எகாதெரின்பர்க்
செப்டம்பர் 12

ஹுல்கர்,

மூன்றும் நன்றாகத் தெரிகிறது. உன் முனைகளைப் பற்றி இங்கே கூட வேலை செய்கிற பையன்களிடம் சொன்னேன், நம்பவில்லை.

மதில்மேல் வேண்டாம். தெரிகிற கேபிளைத் திருடன் முதலில் வெட்டுவான். மாதுளை வரிசையை ஒட்டி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிப் புதைத்துவிடு. குழாய் எதுவும் தேவையில்லை, இந்தக் கேபிள் மண்ணுக்குத் தாங்கும். தோட்டம் எனக்கு மனப்பாடம். வலப்பக்க வரிசை, நேராகப் பின்வாசல்.

மூன்றாவது கேமரா யாருக்காக என்று கேட்டாய். எனக்காக. நான் ஏழு வருடமாக இங்கே ஒரு அறையில் ஒன்பது பேரோடு படுக்கிறேன். என் வீட்டு முற்றத்தை நான் பார்க்கக் கூடாதா? அம்மா நடமாடுவதைப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்குகிறேன். இதில் தப்பு கண்டுபிடிக்க உன்னால்தான் முடியும்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தெருவாசலில் ஒரு பெண்ணோடு பதினாலு நிமிடம் நின்றிருந்தாய். யார் அது? பேசுவதாக இருந்தால் உள்ளே கூப்பிட்டுப் பேசலாமே.

இக்ரோம்

குவா
அக்டோபர் 16

அன்புள்ளவருக்கு,

அவள் பெயர் ஒய்ஷா, மூன்றாவது வீடு. அவள் கணவரும் உங்களைப்போல் வேலைக்குப் போய் சமாராவில் இருக்கிறார். அவருக்கும் தன் முற்றத்தைப் பார்க்க ஆசை வந்துவிட்டது, அங்கேயும் அன்னிய ஆண் ஏறக் கூடாது. அதனால் என்னைக் கேட்க வந்தாள். அத்தையின் அனுமதியோடு போய்ப் பொருத்திக் கொடுத்தேன். பதினாலு நிமிடமும் இந்தக் கேபிளைப் பற்றித்தான் பேசினோம்.

நீங்கள் சொன்னபடி பின்வாசல் கேபிளைப் புதைத்துவிட்டேன். இரண்டு நாள் வேலை. படம் தெளிவாக இருக்கிறதென்று அத்தையிடம் சொன்னீர்களாம்.

அறுவடை நன்றாக முடிந்தது. ஒரு பழம்கூடக் களவு போகவில்லை. மாதுளைக் கறையில் கை இன்னும் கறுத்திருக்கிறது.

நீங்கள் எதையெல்லாம் பார்க்கிறீர்கள் என்பது அத்தையின் வாய்வழியாகவே எனக்குத் தெரிகிறது. "முக்காடு நழுவுதாம், இழுத்துப் போத்தச் சொன்னான்." "ரெண்டு மணிக்கு உக்காந்தவ மூணு மணிக்குத்தான் எந்திரிச்சியாமே." ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒருவர் என் உட்காருதலை எண்ணுகிறார் என்பதை ஆரம்பத்தில் அன்பென்று எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். முயற்சிதான். இப்போது புத்தகம் படிக்க வேண்டுமென்றால் தந்தூருக்குப் பின்னால் விறகுக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்கிறேன். அந்த மூலை உங்கள் படத்தில் விழாது. கேமராவைப் பொருத்தியவள் நான், எங்கே விழாது என்று எனக்குத் தெரியும். இதை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்தேன் என்று ஆகிவிடக் கூடாது.

திருமணமான நான்கு வருடத்தில் நாம் சேர்ந்திருந்தது ஐந்து மாதம். உங்கள் முகம் எனக்கு மறந்துபோகிறது. நீங்கள் என்னைத் தினமும் பார்க்கிறீர்கள். ஒரு நாளாவது, பார்த்தது போதும், பேசலாம் என்று தோன்றவில்லையா?

ஹுல்கர்

எகாதெரின்பர்க்
நவம்பர் 26

ஹுல்கர்,

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இந்த மாதம் பதினான்காம் தேதியிலிருந்து தினமும் மாலை ஐந்தேகாலுக்குப் பின்வாசல் கேமரா அணைகிறது. ஒரு நிமிடம் வருகிறது, மறுபடி போகிறது, யாரோ பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவதுபோல. காலையில் தானாக வந்துவிடுகிறது. மற்ற மூன்றுக்கும் ஒன்றுமில்லை. பின்வாசல் மட்டும். மாலையிலிருந்து விடியும்வரை மட்டும்.

மஸ்தூரா அக்கா இரண்டு தடவை உன்னை இருட்டும் நேரத்தில் பின்வாசலில் பார்த்திருக்கிறாள். தன் வீட்டு மாடியிலிருந்து தெரிந்ததாம். அவள் என் கூடப்பிறந்தவள், எனக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

அந்த வீட்டில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். எங்கே படம் விழாது என்று தெரியும் என்று நீயே எழுதினாய்.

பின்வாசலுக்கு யார் வருகிறார்கள்?

இக்ரோம்

குவா
டிசம்பர் 8

உங்களுக்கு,

யாரும் வரவில்லை.

இந்த இரண்டு சொற்களோடு நிறுத்திவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தேன். நிறுத்தினால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வீர்கள், ஆகவே எழுதுகிறேன்.

மஸ்தூரா அக்கா பார்த்தது உண்மை. கேமரா அணைகிறதென்று நீங்கள் தொலைபேசியில் கத்திய மறுநாளும் அதற்கடுத்த நாளும் பின்வாசலுக்குப் போனேன், கேமராவைப் பார்க்க. முனையைக் கழற்றித் துடைத்துச் செருகினேன். சிவப்பு விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் அணைந்தது. பிறகு எழுந்தது, எரிந்தது, அணைந்தது. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் அவர் மாடியிலிருந்து பார்த்தார்.

உங்கள் முதல் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதில் நீங்கள் எழுதியது: நடுவில் மோசமான ஒட்டு இருந்தால் பகலெல்லாம் ஒழுங்காக ஓடும், இருட்டியதும் மூச்சுத் திணறி அணையும். பத்து வீட்டில் மூன்றில் இதுதான் கோளாறு. அந்த மூன்று வீடுகளில் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? கேபிளைச் சோதிப்பீர்களா, அந்த வீட்டுப் பெண்ணிடம் யார் வருகிறார்கள் என்று கேட்பீர்களா?

நவம்பர் பதினான்காம் தேதி பகலில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். அன்று மாதுளையை மூடினோம். ஏழு வருடம் வெளியில் இருந்தவர், அதனால் மறந்திருப்பீர்கள். தோட்டத்தை நீங்கள் கோடையில்தான் நினைவு வைத்திருக்கிறீர்கள். பனியில் கருகாமலிருக்க நவம்பரில் ஒவ்வொரு புதரையும் வளைத்துக் கட்டி, இருபக்க மண்ணையும் வெட்டியெடுத்து மேலே குவிக்கிறோம். எந்த வரிசையை ஒட்டிக் கேபிளைப் புதைக்கச் சொன்னீர்களோ அந்த வரிசையின் மண்ணைத்தான் வெட்டினோம். நானும் அதைப் பற்றி நினைக்கவில்லை. நானும் தவறுதான். கேபிளை முந்தின நாளே தோண்டி நகர்த்தியிருக்க வேண்டும்.

பதினோராவது புதருக்கு வந்தபோது மாமா மண்வெட்டியை நிறுத்திவிட்டு, "போய் டீ போட்டுக் கொண்டாம்மா" என்றார். அதற்குச் சற்று முன்புதான் குடித்திருந்தோம். நான் திரும்பி வந்தபோது அந்தப் புதர் மட்டும் முழுக்க மூடியிருந்தது. நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

நேற்று அவரிடம் கேட்டேன்: "மாமா, அந்த ஒரு புதரைத் திறந்து பாக்கலாமா?" அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பனி விழுந்தாச்சு. தொறந்தா செத்துரும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாடு அப்போதுதான் குடித்து முடித்திருந்தது.

நீங்கள் சொன்னால் திறப்பார். ஒரு புதர். தோட்டத்தில் அறுபத்திரண்டு இருக்கின்றன. அது செத்தால் வசந்தத்தில் நானே புதிதாக நட்டு வளர்க்கிறேன். உங்களிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

ஹுல்கர்

எகாதெரின்பர்க்
டிசம்பர் 22

ஹுல்கர்,

என் தொழிலை எனக்குச் சொல்லிக்கொடுக்காதே. நாலு முனை இறுக்கத் தெரிந்ததும் இன்ஜினியர் ஆகிவிட்டாயா?

உன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கிழவர்மேல் பழி போடுகிறாய். அப்பா கேபிளை வெட்டியிருந்தால் சொல்லியிருப்பார். என்னிடம் எதற்குப் பயப்பட வேண்டும்? உன் கதைக்காகக் கடும் பனியில் ஒரு புதரைச் சாகடிக்கச் சொல்ல மாட்டேன். அப்பா கையால் நட்டது அது.

மஸ்தூரா அக்கா ஒருத்தியோடு போயிருந்தால் பரவாயில்லை. சந்தையில் பேசுகிறார்கள், இங்கே எங்கள் அறையில்கூட ஒருவன் கேட்டுவிட்டான். இக்ரோம் ஊருக்கெல்லாம் கேமரா போடுகிறான், அவன் வீட்டுப் பின்வாசலில் மட்டும் இருட்டு என்று. ஒன்பது பேர் முன்னால் கேட்டான்.

நான் வரும்வரை உன் அப்பா வீட்டுக்குப் போய் இரு. அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

இக்ரோம்

மர்கிலான்
ஜனவரி 4

உங்களுக்கு,

நேற்று வந்து சேர்ந்தேன். ஒரு பையும் என் புத்தகங்களும். அத்தை வாசல்வரை வந்தார். "எம்மேல வருத்தம் வச்சுக்காத. அவன் சொல்றான், நான் என்ன செய்ய?" என்றார். அழவும் செய்தார். ஒலிபெருக்கி இல்லாதபோது அவர் வேறு ஆள்.

மாமா பையைத் தூக்கிக்கொண்டு பெரிய சாலைவரை நடந்தார். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது. வேன் வந்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்தார். டிரைவர் ஹார்ன் அடித்தான். "குளிருது, காதை மூடிக்க" என்றார். அவ்வளவுதான்.

என் அப்பா பையை வாங்கி உள்ளே வைத்தார். தங்கை கேட்டாள், இரவல் வாங்கிய பாத்திரத்தை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று கேட்பதுபோல: "எப்போ திரும்பப் போவ?"

பெருமையை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன். மார்ச் கடைசியில் மாதுளை திறக்கும்போது உண்மை மண்ணிலிருந்து வெளியே வரும். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். மண் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லுங்கள். உன்னை நம்புகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அத்தையிடம் சொல்ல வேண்டாம், தெருவுக்குச் சொல்ல வேண்டாம், உங்கள் அறையில் ஒன்பது பேருக்கும் தெரிய வேண்டாம். எனக்கு மட்டும். அது கையில் இருந்தால் இங்கே யார் என்ன கேட்டாலும் தாங்கிக்கொள்வேன், வா என்ற அன்று நடந்தேகூட வந்துவிடுவேன்.

துர்சுன்பாய் அண்ணன் சனிக்கிழமைதோறும் மர்கிலான் வழியாகத்தான் திரும்புகிறார். சனிக்கிழமை போய் நிற்பேன்.

ஹுல்கர்

எகாதெரின்பர்க்
மார்ச் 30

அன்புள்ள ஹுல்கர்,

நல்ல செய்தி. இன்று மாதுளை திறந்தார்கள். பதினோராவது புதருக்கு அடியில் கேபிள் வெட்டுப்பட்டு, முறுக்கி டேப் சுற்றியிருந்ததாம். அப்பாவே பார்த்துவிட்டுப் போன் செய்தார். எனக்கு இன்றுதான் தெரியும்.

அப்பா வயதானவர், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. மஸ்தூரா அக்காவை நன்றாகத் திட்டிவிட்டேன், இனி அவள் வாயைத் திறக்க மாட்டாள். நடந்தது நடந்துவிட்டது. தூரத்தில் இருக்கும்போது மனுஷனுக்கு எல்லாம் பெரிதாகத் தெரியும். நீயும் அந்தக் கேபிள் விஷயத்தை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம், என் கோபம் தெரிந்தவள்தானே.

குளிர்காலம் முழுக்க வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அக்காவும் ரொட்டியும் இனிப்பும் எடுத்துக்கொண்டு உன்னை அழைக்க வருவார்கள். தெருவே பார்க்கிறமாதிரி, காரில். உன் பெயருக்கு ஒரு குறையும் இருக்காது. மூன்றாவது கேமராவைத் தெருப்பக்கம் திருப்பிவிடலாம், நீ வந்து திருப்பு. மே மாதம் நானும் வருகிறேன்.

உன் இக்ரோம்

மர்கிலான்
ஏப்ரல் 7

இக்ரோம்,

அத்தையும் மஸ்தூரா அக்காவும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தேநீர் கொடுத்தேன். அவர்கள் ரொட்டியை அவர்களிடமே கொடுத்தனுப்பினேன். அத்தை சொல்லியிருப்பார். அவரிடம் காரணம் சொல்லவில்லை. அது உங்களிடம் சொல்ல வேண்டியது.

அவர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, மாமா தனியாக வந்தார். இரண்டு வேன் மாறி வந்திருக்கிறார். வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு சாண் நீளக் கேபிளை எடுத்து என் கையில் வைத்தார். நீலத்தை நீலத்தோடு, பச்சையைப் பச்சையோடு, ஒன்றையும் மாற்றாமல் முறுக்கியிருந்தார். விரல் நடுங்குகிறவரின் முறுக்கு, தளர்ந்திருந்தது.

"கொத்துனது நான்தாம்மா" என்றார். "மண்வெட்டி பட்டதும் தெரிஞ்சுபோச்சு. உன்னை டீக்கு அனுப்பிட்டு ஒட்டவச்சேன். போன வருஷம் பம்பு மோட்டார எரிச்சதுக்கு அவன் போன்ல கத்துனான்ல, எல்லாரையும் வச்சுக்கிட்டு? 'உங்கள யாரு தொடச் சொன்னா'ன்னு. அந்தப் பயம். பகல்ல படம் ஓடுச்சு, சரியாப் போச்சுன்னு இருந்துட்டேன்."

"நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம் மாமா."

"சொல்லியிருக்கலாம்."

இதற்குள் என் அப்பா வந்து கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போனார். தேநீர் ஊற்றினேன். குடிக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உன்னை வேன் ஏத்திட்டு வந்தேன். அன்னிக்குத் தூக்கம் வரல. மறுநாள் கழிச்சு, அஞ்சாந் தேதி, மளிகைக்கடைக்காரன் போன வாங்கி அவனுக்கு அடிச்சேன். வீட்டுப் போன்ல அடிச்சா எல்லாரும் கேப்பாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. நான்தான் வெட்டுனேன், மருமக மேல ஒண்ணுமில்ல, இன்னிக்கே கூட்டியாறேன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"'இப்பக் கூட்டிட்டு வந்தா என்னைப் பாத்துச் சிரிப்பாங்கப்பா. தொழில் தெரிஞ்சவன், சொந்த வீட்டுக் கேபிளு தெரியலம்பாங்க. மார்ச்ல தொறக்கும்போது புதுசாப் பாத்த மாதிரி எடுங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க'ன்னான்."

அதன் பிறகுதான் அவர் அழுதார். நான் அழவில்லை. மறுபடி கேட்டேன், அஞ்சாந் தேதிதானா என்று. "அஞ்சுதாம்மா. கடைக்காரன் புது வருஷக் கணக்கு நோட்டு தொறந்துக்கிட்டிருந்தான்" என்றார்.

நான் எண்ணிப் பார்த்தேன். ஜனவரி ஐந்திலிருந்து நீங்கள் 'இன்றுதான் தெரியும்' என்று எழுதிய மார்ச் முப்பது வரை எண்பத்து நான்கு நாட்கள்.

என் ஜனவரிக் கடிதம் ஒன்பதோ பத்தோ உங்கள் கைக்கு வந்திருக்கும். ஒரு வரி கேட்டிருந்தேன். அதைப் படித்தபோது உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே மடித்து வைத்தீர்கள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ப் பேருந்துக்கு நின்றேன். துர்சுன்பாய் அண்ணன் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுவார். நான்காவது வாரத்திலிருந்து வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, "இந்த வாரம் எல்லைச் சோதனையில கூட்டம்மா, நெறையப் பேரு கடிதம் குடுக்க முடியல" என்று எனக்காகப் பொய் சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில் என் தங்கையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. என் அப்பா தொழுகைக்குப் போகும் பள்ளிவாசலை மாற்றிக்கொண்டார், தூரமானதற்கு. இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நீங்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் நிறுத்தியிருக்கலாம்.

உங்களுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்றுதான் இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை மன்னிக்கத் தயாராகவும் இருந்தேன். தூரம், தனிமை, ஒன்பது பேரின் சிரிப்பு என்று உங்களுக்காக நானே காரணங்கள் சேர்த்து வைத்திருந்தேன். சந்தேகப்படுகிறவன் பாவம், அவனுக்கு உண்மை தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் என்னை நம்பினீர்கள். முழுதாக நம்பிக்கொண்டே என்னை அங்கேயே நிற்கவிட்டீர்கள். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

மாமாவிடம் கோபமில்லை என்று சொல்லிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. ஆனால் அவர் இரண்டு வேன் மாறி வந்தார்.

எனக்கு இங்கே வேலை இருக்கிறது. கணவர்கள் வெளியூரில் இருக்கும் வீடுகள் மர்கிலானிலும் நிறைய. ஒய்ஷா தன் அத்தை மகளிடம் சொல்ல, அவள் இன்னொருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். இதுவரை ஐந்து வீடுகள். ஏணியை எடுப்பதற்கு முன் வீட்டுப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த இடம் தெரிய வேண்டாம் என்று கேட்கிறேன். பெரும்பாலும் முதலில் புரியாமல் விழிக்கிறார்கள். பிறகு மெல்ல ஒரு மூலையைக் காட்டுகிறார்கள்.

மே மாதம் நீங்கள் வருவீர்கள். இங்கே வர வேண்டாம். நேற்று எங்கள் வட்டாரத்து மஹல்லா அலுவலகத்துக்குப் போய் மணவிலக்குக்கு மனு எழுதிக் கொடுத்தேன். சமரசம் பேச ஆறு மாதம் தருவார்களாம், உங்களையும் கூப்பிடுவார்கள். வந்தால் அந்தத் தாளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. மற்ற பெண்கள் அதை நிறைத்துத் தாளின் பின்பக்கமும் எழுதுவார்களாம். நான் 'ஜனவரி 5' என்று எழுதினேன்.

அங்கிருந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது தேதி கண்ணு. காரணத்த எழுது" என்றார்.

அதுதான் காரணம் என்றேன்.

ஹுல்கர்